பூங்காவுக்கு எத்தனை வாசல்

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கீழே முன்பக்கம் அவள் கடை, பின்பக்கம் அவள் வீடு, மாடியில் என் குடித்தனம். அவள் மெஷின் ஓடினால் என் தரை லேசாக அதிரும். வேலை நேரத்தில் அதிர்வு நின்றால் கீழே ஏதோ வாக்குவாதம் என்று அர்த்தம். பூங்கா வரப்போகிறது என்று செய்தி வந்த வருடத்தில் அது அடிக்கடி நின்றது.

அக்காவுக்குச் சில பழக்கங்கள் உண்டு. சாரல் அடித்தாலும் கடைக் கதவைச் சாத்த மாட்டாள். வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டாள். உள்ளே ஆள் இருந்தால் கதவின் மேல் ஒரு துண்டு தொங்கும், அவ்வளவுதான். சினிமாவுக்குப் போனால் ஓரத்து இருக்கை. அவள் புருஷன் பஸ் கண்டக்டர். வாய் சும்மா இருக்காத மனிதர். "எல்லாரும் படம் பாக்கப் போவாங்க. என் பொண்டாட்டி வாசல் பாக்கப் போவா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் கூடச் சிரித்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கத் திரும்பிவிடுவாள். கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்ததும், அங்கே தீப்பிடித்ததும், அவள் உயிர் தப்பியதும் அவருக்குத் தெரியும். அதற்குமேல் அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதும் இல்லை.

கடைக்கு எதிரே ஒரு பெரிய காலி மனை. முன்பு மரக்கிடங்காக இருந்த இடம். கிடங்கு இடம் மாறிப் போன பிறகு முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. சுற்றிலும் பழைய மதில். எங்கள் தெருப் பக்கம் கேட் இருந்த இடம் திறந்து கிடக்கும். பின்பக்கம், ஒரு பேக்கரி இருக்கும் சந்துப் பக்கமாக, மதில் இடிந்து ஓர் ஆள் நுழையும் அளவு ஓட்டை. அவசரக்காரர்கள் இந்த வழியாக நுழைந்து அந்த வழியாக வெளியேறுவார்கள்.

நகராட்சி அதைப் பூங்காவாக்க முடிவு செய்தது. முடிவு செய்ததோடு, எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே கூடிப் பேசிச் சொல்லுங்கள் என்று எங்கள் தலையிலும் கட்டிவிட்டது. அதற்காக ஓர் இளம் பெண் வந்தாள். வரைபடக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். பள்ளிக்கூடக் கூடத்தில் மனையின் படத்தைத் தரையிலேயே பெரிதாக விரித்தாள். அட்டையில் வெட்டிய மரம், பெஞ்சு, ஊஞ்சல், விளக்கு எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தன. யாருக்கு எது எங்கே வேண்டுமோ எடுத்து வையுங்கள் என்றாள்.

பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளாகிப் போனோம். மூலை வீட்டுக்காரர் ஒரு பெஞ்சை எடுத்துப் பெரிய மரத்துக்குப் பின்னால் வைத்தார். அவர் மனைவி அதை எடுத்துத் தன் வீட்டு ஜன்னலுக்கு நேராக வைத்தாள். "அங்க உக்காந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு" என்றாள். கூடமே சிரித்தது. அக்கா கையில் ஓர் ஊஞ்சல் அட்டையை வைத்துக்கொண்டு, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று வரைபடக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கண்டக்டர் வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஒரு சாக்கட்டியை எடுத்து, குனிந்து, படத்தைச் சுற்றித் தடிமனாக ஒரு கோடு இழுத்தார்.

"மொதல்ல இது. சுவர். ஆள் உயரத்துக்கு மேல. ஒரே ஒரு கேட்டு. பொழுது சாஞ்சா பூட்டு. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை. முந்தைய மழைக்காலத்தில், இருட்டத் தொடங்கிய நேரத்தில், அந்தக் காலி மனையைக் கடக்கும்போது ஒருவன் அவள் கைப்பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். விடாமல் பிடித்தவளைத் தரையோடு இழுத்ததில் முழங்கை எலும்பு முறிந்தது. எப்படியோ தப்பி வந்துவிட்டாள். அவன் அகப்படவே இல்லை. அன்றையிலிருந்து கண்டக்டர் வாயில் வேடிக்கைப் பேச்சு வற்றிவிட்டது. மகள் சுற்றுவழியாகத்தான் வர வேண்டும். அவருக்கு வேலை இல்லாத நாளில் கடை வாசலிலேயே போய் நின்று அழைத்து வருவார்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பேங்க் சார் என்போம். அவர்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும். அக்கா ஊஞ்சல் அட்டையைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டதை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கீழே பேச்சு கேட்டது.

"ஒரே வாசல்னா எப்படிங்க?"

"ஒரு வாசல்னாதான் யார் வர்றா, யார் போறான்னு தெரியும்."

"உள்ள இருக்கறவங்க வெளிய வரணும்னா?"

"வந்த வழியாவே வரட்டும். இது என்ன கேள்வி?"

அதற்குப் பிறகு மெஷின் ஓடத் தொடங்கியது. நிறுத்தாமல் ஓடியது. தைக்கத் துணி இல்லாமலே ஓட்டுகிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் சுவருக்குக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்குவதற்கு முன், யாருக்காவது மறுப்பு உண்டா என்று வரைபடக்காரம்மா கேட்டாள். கூடத்தின் கடைசியில், கதவோரம், அக்கா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. எல்லாத் தலையும் திரும்பியது. அவள் வாயைத் திறந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். முந்தானையைக் கையில் சுருட்டினாள்.

"ஒரு வாசல் போதாது" என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

"ஏன்னு சொல்லுங்கக்கா" என்றாள் வரைபடக்காரம்மா, மெதுவாக.

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. பேங்க் சார் பொறுமை இழந்துவிட்டார். "அக்கா, சட்டைக்கு எத்தனை கைன்னு நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறோம். பூங்காவுக்கு எத்தனை வாசல்னு நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

கூடம் கொல்லென்று சிரித்தது. மேடையில் இருந்த கண்டக்டரும் சிரித்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "உக்காரும்மா" என்றார். அக்கா உட்காரவில்லை. வெளியே போய்விட்டாள். சுவர்த் தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் கலையும்போது வரைபடக்காரம்மா, "இது முடிவில்லைங்க. ஞாயித்துக்கிழமை மனையிலேயே சுண்ணாம்புல கோடு போட்டுக் காட்டுவோம். அங்க வந்தும் சொல்லலாம். அதுக்கப்புறம்தான் அஸ்திவாரம் தோண்டுவோம்" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் நடந்ததைப் பாதி நான் கேட்டேன், மீதி பின்னால் அவளே சொன்னது. கண்டக்டர் வேலைக்குக் கிளம்பச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரே நின்றாள்.

"உங்க பஸ்ஸுக்கு எத்தனை வாசல்?"

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?"

"எத்தனை?"

"ரெண்டு. அவசரத்துக்கு ஒரு ஜன்னல். இப்ப அதுக்கு என்ன?"

"எங்க கம்பெனிக்கும் ரெண்டு இருந்துச்சு" என்றாள் அக்கா. "பின்வாசலை வெளிப்பக்கமாப் பூட்டிட்டாங்க. நாங்க துணியைத் திருடிட்டுப் போயிடுவோமாம். யார் வர்றா யார் போறான்னு தெரியணுமாம். நீங்க சொன்னதையேதான் அவங்களும் சொன்னாங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தீ முன்னாடிப் பக்கம்தான் பிடிச்சுது. அதனால எல்லாரும் பின்னாடி ஓடினோம். என் பக்கத்து மெஷின்ல ஒருத்தி இருந்தா. பேசிக்கிட்டே தைப்பா, ஒரு தையல் கோணாது. அவ எனக்கு முன்னாடி ஓடினா. கதவைத் தட்டினா. பூட்டு தொங்குதுன்னு எங்களுக்குத் தெரியாது, கதவு இறுகிப் போச்சுன்னு நெனச்சு தோளால இடிக்கறா. பின்னாடி வந்தவங்க எங்க மேல விழுந்தாங்க. யாரோ என் தலைமுடியைப் பிடிச்சு, புகைக்குள்ளயே முன்வாசல் வழியா வெளிய இழுத்துட்டாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவளை இழுக்க ஆள் இல்லை." அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "தட்டற சத்தம் வெளிய வந்த பிறகும் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல."

கண்டக்டர் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். என்ன சொல்வதென்று தெரியாதபோது மனிதர்கள் கோபத்தைத்தான் எடுப்பார்கள்.

"அது தீ. இது திருடன். நீ உன் பயத்துக்கு வாசல் கேக்கறே. நான் என் பொண்ணுக்குச் சுவர் கேக்கறேன். ரெண்டும் ஒண்ணா?"

"அவ எனக்கும் பொண்ணுதான்."

அவர் சாப்பிடாமல், பாதி இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். அதற்குப் பிறகு ஞாயிறு வரை அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு மகள் வழியாகத்தான் நடந்தது. "அம்மாகிட்ட தண்ணி கேளு", "அப்பாகிட்ட சாவி குடு" என்று. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண் தண்ணீரும் சாவியும் சுமந்தாள்.

ஞாயிறு காலை மனையில் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். இரண்டு வேலையாட்கள் கயிறு பிடித்து, வாளியிலிருந்து சுண்ணாம்பைத் தூவி, சுவர் வரப்போகும் இடத்தைக் காட்டிக்கொண்டே வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. கோடு தெருப் பக்கம் முடிந்து, பக்கவாட்டில் திரும்பி, பின்பக்கம் வந்தது. பேக்கரிச் சந்தின் ஓட்டையருகே நின்றுவிட்டது. கோடு போக வேண்டிய இடத்தில் அக்கா நின்றிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்றார் வேலையாள்.

அவள் நகரவில்லை. அவர் சிரித்தார். மறுபடி சொன்னார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். விஷயம் கூட்டத்துக்குப் பரவ நேரமாகவில்லை. பேங்க் சார் முன்னால் வந்தார்.

"என்னக்கா இது? கூட்டத்துல முடிவான விஷயம்."

"இங்க ஒரு வாசல் வேணும். அந்தப் பக்கம் ஒண்ணு வேணும். எதுக்கும் பூட்டு கூடாது."

"அப்ப திருடனுக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைப்போமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "சொந்தப் பொண்ணுக்கு நடந்தப்புறமும் இப்படிப் பேசுறாங்களே" என்று இன்னொன்று. அது ஒரு பெண் குரல். அக்காவிடம் துணி கொடுக்கும் பெண்தான். கூட்டம் நெருங்கியது. அக்கா முகம் வெளுத்திருந்தது. நெரிசல் அவளுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் போய் நிற்கலாமா என்று யோசிப்பதற்குள் கூட்டம் இடைவெளியை அடைத்துவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் ஓட்டை, முன்னால் எல்லோரும்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"வீட்டுக்கு வா."

"வரல."

"மானம் போகுது. வான்னு சொல்றேன்."

"நான் வரலைங்க."

பேங்க் சார் அவர் காதருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "வீட்டைச் சமாளிச்சிட்டு வந்து சங்கத்தைப் பாருங்க கண்டக்டரே" என்றார். கண்டக்டர் கழுத்து நரம்பு புடைத்தது. எத்தனை வருடப் பழக்கம் எங்களுக்கு. அவர் அவளிடம் குரலை உயர்த்திக்கூட நான் அதிகம் கேட்டதில்லை. அன்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் கால் சுண்ணாம்பில் சறுக்கியது. விழவில்லை. மதிலின் உடைந்த செங்கல்லை இன்னொரு கையால் பற்றிக்கொண்டாள். அவர் மறுபடி இழுத்தார்.

"அப்பா, கையை விடுங்க."

மகள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் மனைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நீட்டி மடக்க முடியாத முழங்கையை மறு கையால் தாங்கியபடி நின்றாள்.

"நீ வீட்டுக்குப் போ" என்றார் அவர்.

"என் பேரைச் சொல்லித்தானே சுவர் கேக்கறீங்க? அப்ப நானும் பேசுவேன்." அவள் இரண்டு அடி முன்னால் வந்தாள். "அவன் எந்தப் பக்கமா வந்தான்னு கேட்டீங்க. போலீஸும் அதைத்தான் கேட்டாங்க. என்ன உடை, என்ன வயசுன்னு எல்லாம் கேட்டீங்க. நான் எந்தப் பக்கமாப் போனேன்னு யாராவது கேட்டீங்களா?"

கண்டக்டர் அவளையே பார்த்தார்.

"தெருப் பக்கம் அவன் நின்னான்பா. கேட்டை மறிச்சுக்கிட்டு நின்னான். பையைக் குடுத்தப்புறமும் போகல. என்னைப் பாத்து நடந்து வந்தான். நான் பின்னாடி ஓடினேன். இதோ, அம்மா நிக்கிற எடம். இந்த ஓட்டையில நுழைஞ்சு ஓடினேன். இங்க சுவர் இருந்திருந்தா..." அதை அவள் முடிக்கவில்லை.

அக்கா குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது. அவள் வேறெங்கோ பூட்டியிருந்த கதவுக்காக வந்து நின்றவள்.

கண்டக்டர் கை தானாக விட்டுவிட்டது. பக்கத்தில் கிடங்குக் காலத்து உத்தரக் கட்டை ஒன்று கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார். டிக்கெட்டைத் தொலைத்த பயணியிடம் கேட்பதுபோல் தணிந்த குரலில் மகளிடம் கேட்டார்.

"ஏன் இந்தப் பக்கம் ஓடினே?"

"பேக்கரி லைட்டு தெரிஞ்சுதுப்பா. வெளிச்சத்தைப் பாத்து ஓடினேன்."

அவர் ஓட்டை வழியாகச் சந்துக்குள் எட்டிப் பார்த்தார். பகல்வெளிச்சத்தில் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு சைக்கிளும் மாவு மூட்டைகளும்தான். ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

பேங்க் சார்தான் அடுத்துப் பேசினார். "வருத்தமான விஷயம்தான். ஆனா ஒரு பொண்ணு அழுதான்னு தீர்மானத்தை மாத்த முடியுமா?"

"நான் அழலையே சார்" என்றாள் அவள். உண்மைதான், அழவில்லை.

கண்டக்டர் எழுந்தார். "சுவர் கேட்டவன் நான். நானே வேண்டாம்கறேன். மறுபடி கை தூக்கச் சொல்லுங்க" என்றார் வரைபடக்காரம்மாவிடம்.

கை தூக்கினோம். ஏதோ எல்லோரும் மனம் மாறிக் கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். சுவர் வேண்டாம் என்றவர்கள் சரிபாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். உயரச் சுவர் வேண்டும் என்றவர்கள் அங்கேயே கோபித்துக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்தவர்கள் வெயில் ஏறும் வரை அந்த மனையிலேயே நின்று வாதாடினோம். சுவர் இடுப்பளவு, மேலே கம்பி, உள்ளே இருப்பவர் வெளியே தெரிய வேண்டும். தெருப் பக்கம் ஒன்று, பேக்கரிச் சந்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று வழி. கதவு கிடையாது. மோட்டார் சைக்கிள் நுழையாதபடி வழியை மட்டும் வளைத்து விடலாம் என்று வரைபடக்காரம்மா சொன்னாள். விளக்கு எங்கெங்கே என்று வந்தபோது கண்டக்டர் மகளைக் கூப்பிட்டார். அவள் நடந்து காட்டிய இடத்தில் எல்லாம் வேலையாள் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார். அக்கா அந்த நேரம் முழுவதும் ஓட்டைக்கு வெளியே, சந்தில், பேக்கரிக்காரர் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு சிவந்திருந்தது.

அதைக் கண்டக்டர் அன்று மாலை கடைக்கு வந்து பார்த்தார். தைல பாட்டிலைத் திறந்தார். அவள் கையை நீட்டவில்லை. பாட்டிலை மெஷின் மேல் வைத்துவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, "அவ பேர் என்ன?" என்று கேட்டாராம். கம்பெனியில் பக்கத்து மெஷின்காரியின் பேர். அக்கா சொன்னாள். அவர் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். இழுத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் பல நாள் ஆயிற்று. கேட்டார்.

பூங்கா வந்தது. கண்டக்டரின் செயலாளர் பதவி போனது. சிலர் தங்கள் துணியை அடுத்த தெரு டெய்லரிடம் கொண்டுபோனார்கள். பாதிப் பேர் கோபம் தணிந்து திரும்பினார்கள், பாதிப் பேர் திரும்பவே இல்லை. திறந்த புதிதில் யாரோ குடிநீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டு போனபோது, பேங்க் சார் கடை வாசலில் நின்று, "பாத்தீங்களா, வாசல் வச்சதுக்குப் பலன்" என்றார். அன்று முழுவதும் மெஷின் ஓடவில்லை.

மகள் இப்போது சில நாள் பூங்கா வழியாக வருகிறாள். சில நாள் சுற்றிக்கொண்டு வருகிறாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஒவ்வொரு வருடமும் சங்கக் கூட்டத்தில் பூங்காவுக்குக் கதவும் பூட்டும் வேண்டும் என்று ஒரு மனு வருகிறது. இந்த வருடமும் வந்திருக்கிறது. கையெழுத்து போன தடவையைவிடக் குறைவு என்று ஒருவர் சொல்கிறார், அதிகம் என்று இன்னொருவர் சொல்கிறார். பள்ளிச் சீருடை தைக்கும் நெருக்கடியான நேரம் அக்காவுக்கு. இருந்தாலும் நேற்று மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் கடையைப் பாத்துக்கறியா? கூட்டத்துக்குப் போகணும். பேசணும்."

"அவரும் வர்றாரா?"

"வராம? இந்தத் தடவை நான்தான் மொதல்ல பேசுவேன்னு நேத்தே சொல்லிட்டேன். அவர் வாயைத் திறந்தா பஸ் நிக்காது" என்றாள்.